ஆலாத் திட்டில் முட்டை பொறுக்கியவர்

பேய்க்கதை என்று யாராவது ஆரம்பித்தால், "அது முட்டை போடுமா, குட்டி போடுமா?" என்று கேட்கிற ஆள் நான். விலங்கியல் படித்தவன் வேறெப்படிக் கேட்பான்? நீங்களும் என்னை அப்படியே கேளுங்கள், கோபப்பட மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

எழுபதுகளின் ஆரம்பம். பழவேற்காடு ஏரிக்குள்ளே ஒரு மணல் திட்டு. வெறும் மணலில் முட்டையிடும் ஆலாப் பறவைகள் வருஷா வருஷம் குறைந்து, அந்த ஒரு திட்டில்தான் மிச்சம் இருந்தன. அதுகளைக் காப்பாற்றுவது என் வேலை. போனதும் முதல் காரியமாக, முட்டை கிடந்த ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் சிவப்புத் துணி கட்டிய குச்சி நட்டேன். எண்ணுவதற்கு வசதி. திருடனுக்கும் அதே வசதி என்பது படித்த மூளைக்கு எட்டவில்லை. தினம் முட்டைகள் காணாமல் போயின.

எனக்கு அங்கே ஒரே துணை படகுக்கார ஏகாம்பரம் அண்ணன். இந்தத் தொப்பைக்கு அஸ்திவாரம் அவர் வீட்டு மீன்குழம்புதான். திருடனைப் பிடித்தே தீருவது என்று ஒரு நாள் காலையிலேயே என்னைத் திட்டில் இறக்கிவிட்டு, "மதியம் சோறு எடுத்துக்கினு வரேன் சாரே" என்று போனார். நான் சின்னக் கூடாரத்துக்குள் ஒளிந்துகொண்டேன்.

உச்சி வெயில். திடீரென்று அத்தனை ஆலாவும் கத்துவதை நிறுத்தின. பறக்கவும் இல்லை, அப்படியே உட்கார்ந்திருந்தன. துணி ஓட்டை வழியாகப் பார்த்தால், ஏகாம்பரம் அண்ணன் கூடையோடு குச்சி குச்சியாகக் குனிந்து முட்டை பொறுக்குகிறார். நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயம் வரவில்லை, அழுகைதான் வந்தது. "அண்ணே, நீங்களா?" என்று பாய்ந்ததில் கூடாரக் கயிறு காலில் மாட்டி, கூடாரத்தோடு உருண்டேன். துணியை விலக்கி எழுந்தால் ஆள் இல்லை. குழிகள் காலி. மணலில் காலையில் நான் வந்த தடமும் உருண்ட தடமும் தவிர ஒரு கால்தடம் இல்லை.

அப்போதுதான் தெற்குப் பக்கம் படகு தெரிந்தது. ஏகாம்பரம் அண்ணன், தூக்குவாளியோடு.

"கழுத்தறுத்துட்டீங்களே அண்ணே!" என்றேன். குரல் கோழிக்குஞ்சு மாதிரி வந்தது.

"யாரு கழுத்தறுத்தது? அவ்ளோ தொலைவுலேர்ந்து பாத்துக்கினேதான் வரேன். நீதான் கூடைய வச்சிக்கினு முட்டை பொறுக்கின! நம்ம சாரு முட்டையத் தொடக்கூட மாட்டாருன்னு ஊர் பூரா சொல்லிக்கினு இருந்தேனே, என் மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?"

அவர் கண் கலங்கியிருந்தது. நடிக்கத் தெரிந்த ஆள் இல்லை.

"நானா? நல்லாப் பாத்தீங்களா?"

"பாக்காம? குனியசொல்லோ மண்டை பளபளன்னுச்சு. பெரியபாளையத்துல மொட்டை போட்டுக்கினியான்னுகூட நெனச்சேன். மொட்டை இல்ல, வழுக்கை. காதோரம் மட்டும்தான்..."

சொல்லிக்கொண்டே என் தலையைப் பார்த்தவர், தூக்குவாளியை மணலில் வைத்துவிட்டு ரெண்டடி பின்னால் போனார். சீப்பு உடைகிற அளவுக்குச் சுருட்டை முடி எனக்கு அப்போது.

சோற்றைக்கூடப் பிரிக்காமல் என்னைக் கரையில் கொண்டுவிட்டார். அதற்கப்புறம் அவர் என்னைப் படகில் ஏற்றவே இல்லை. அடுத்த வருஷம் ஆலாக்களும் வரவில்லை.

இருபத்து நாலு வருஷம் ஓடிவிட்டது, இப்போது எனக்கு நாற்பத்தெட்டு. முடியெல்லாம் கொட்டி, காதோரம் மட்டும் மிச்சம். அந்தத் திட்டில் ஆலா மறுபடி முட்டையிட்டிருக்கிறது, வந்து பாருங்கள் என்று போன மாதம் ஒரு கடிதம் வந்தது. முழங்கால் வலி என்று பதில் போட்டேன்.

முழங்காலுக்கு ஒன்றுமில்லை.