ஐஸ் உடைப்பவரின் வாசற்படி

காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுப்பவர் அவர். எப்போதும் தோளில் ஒரு நனைந்த சாக்கு கிடக்கும். கீழே சிதறிய சில்லைக்கூடக் கரையவிட மாட்டார். பொறுக்கிக் கழுவிப் பெட்டியில் போட்ட பிறகுதான் பேசுவார்.

வெள்ளத்தில் எங்கள் தெரு மூழ்கியபோது நானும் அவரும் பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் தங்கியிருந்தோம். கரிப் புகையால் பூமி சூடேறித் துருவக் கடலில் பனி குறைகிறது, அதனால் காற்றின் போக்கு மாறி நம் ஊர் மழையும் மாறலாம் என்று நான் படித்ததைச் சொன்னேன்.

"அம்மாந்தூரத்து ஐஸா?" என்றார்.

அப்போது ஓர் அதிகாரி வந்தார். இனிக் கரையோரம் ஆபத்து, ஊருக்கு வெளியே வீடு தருகிறோம், காலி செய்யுங்கள் என்றார்.

இவர் எழுந்துவிட்டார். "ஒரு சில்லு வீணானா படகுக்காரன் என்னைக் கேக்குறான் சார். அங்க அத்தினி ஐஸு கரைஞ்சு பூட்ச்சாம், எவனைக் கேட்டீங்க? எண்ணூர்ல கரி கொளுத்துற பொகக்கூண்ட மொதல்ல காலி பண்ண சொல்லு. அப்பால நான் போறேன்."

அதிகாரி அடுத்த ஆளிடம் நகர்ந்தார்.

தண்ணீர் வடிந்ததும் அவர் வீட்டுப் பக்கம் போனேன். வாசற்படியில் புதிதாக ஒரு வரிசை செங்கல் வைத்துப் பூசிக்கொண்டிருந்தார்.

"இது போதுமா?" என்றேன்.

"பத்தலன்னா இன்னோரு வரிசை வெப்பேன்."

இப்போதும் எங்கள் தெருவில் நுழைந்தால் என் கண் முதலில் அந்தப் படியைத்தான் தேடுகிறது.