ஒரகடத்துக்கு வந்த கடல் பீச்சி

கடல்மீன் தொட்டி பராமரிப்பவனை மீனுக்கு ஒன்று என்றால் யாரும் கூப்பிட மாட்டார்கள். தொட்டியில் மீன் அல்லாத எதையாவது பார்த்தால்தான் போன் வரும். சக தொட்டிக்காரர்களே, உங்களுக்குத் தெரியாததா!

பாறையில் மிட்டாய்

ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனி. அதன் ரிசப்ஷனில் நான்கடித் தொட்டி. அங்கே உட்காரும் ஜெனிஃபர் போன் செய்தாள்: "சார், பாறையில யாரோ ஜெல்லி முட்டாய் ஒட்ட வெச்சிட்டுப் போயிக்கிறாங்க."

போய்ப் பார்த்தால் கடல் பீச்சி என்கிற உயிரினம்! நான் வைத்த பாறையோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கட்டைவிரல் அளவு, கண்ணாடி உடம்பு, மேலே இரண்டு வாய். ஒன்றில் தண்ணீரை இழுத்து, இரையை வடிகட்டிக்கொண்டு, மற்றதில் வெளியே விடும். கடலடிப் பாறையில் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் இதே வேலைதான் என்று விளக்கினேன். ஜெனிஃபர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்:

"அப்ப மூணு ஷிஃப்டும் இதுவே பாக்குதா? ஓ.டி. உண்டா சார்?"

மேனேஜர் குனிந்தார்

தண்ணீர் மாற்றப் பாதித் தொட்டியை இறைத்திருந்தேன். பீச்சியின் வாய் நீர்மட்டத்தை ஒட்டி நின்றது. மேனேஜர் வந்தார். "சும்மா உக்காந்திருக்கிறத எதுக்கு வெச்சிருக்கீங்க? எடுத்துடுங்க" என்று குனிந்து, நான் தடுப்பதற்குள் விரலால் அழுத்திவிட்டார்.

சர்ர்ர்! மூக்குக்கண்ணாடி, மீசை, அடையாள அட்டை, எல்லாம் நனைந்தது. கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்த ஜெனிஃபர் எழவே இல்லை. மேஜை மட்டும் குலுங்கியது. என் காண்டிராக்ட் போச்சு என்று நின்றேன். அவர் உதட்டை நக்கிப் பார்த்தார். இன்னொரு தரம் அழுத்தினார். மறுபடி சர்ர்ர்!

"உப்பு கரெக்டா இருக்கு. இது இங்கேயே இருக்கட்டும்."

மோட்டார் நின்ற மதியம்

ஆயுத பூஜை லீவில் மின்பேனலைக் கழற்றி வேலை பார்த்திருக்கிறார்கள். என்னிடம் சொல்லவில்லை. தூத்துக்குடிக்காரரான செக்யூரிட்டி மாரிமுத்துதான் கூப்பிட்டார்: "அண்ணாச்சி, மோட்டாரு நின்னு போச்சு. மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குதுவ!"

"தொட்டித் தண்ணிய மக்கால மோந்து மோந்து உள்ளயே ஊத்துங்க, காத்து கலக்கட்டும், வந்துட்டேன்!" என்று கத்திவிட்டு, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பேட்டரி மோட்டாரோடு பைக்கில் பறந்தேன். போனபோது யூனிஃபார்ம் சொட்டச் சொட்ட அவர் இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தார். மீன்கள் பிழைத்துவிட்டன. பீச்சி மட்டும் இரண்டு வாயையும் இறுக மூடிச் சுருங்கிக் கிடந்தது.

மோட்டாரை ஓடவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்தோம். கால் மணி கழித்து ஒரு வாய் மெல்ல விரிந்தது; பிறகு மற்றது. மாரிமுத்து துள்ளி எழுந்து தொட்டிக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

"தொறந்துட்டான் அண்ணாச்சி! நீங்க பாத்துக்கிடுங்க, நான் சட்டையப் பிழிஞ்சிட்டு வாரேன்."

ஒரு விரல் நீளம்கூட இல்லாத உயிர் வாயைத் திறக்குமா என்று வளர்ந்த ஆண்கள் வாயைப் பிளந்து காத்திருப்பதற்குப் பெயர்தான், நண்பர்களே, தொட்டிப் பராமரிப்பு.