சிறகவரைக்கு இருட்டு வேண்டும்

தலவில அன்னம்மாள் கோயில் திருவிழா முடிந்த மறுவாரம் என் தங்கையின் கணவர் கடலுக்குப் போனார். படகு மாம்புரிக் கரையில் ஒதுங்கியது. அவர் ஒதுங்கவில்லை.

கடலுக்குப் போனவர் கரையேறும்வரை வீட்டின் கடற்பக்க விளக்கை நூர்ப்பதில்லை, அணையவிடுவதுமில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். முன்பு அரிக்கன் லாம்பு, இப்போது பல்ப்; வழக்கம் மட்டும் மாறவில்லை. தங்கை அந்த விளக்கை எரியவிட்டே ஆவணி, புரட்டாதி, ஐப்பசி என்று மாதங்களைத் தள்ளினாள். ஆன்ம இளைப்பாற்றிப் பூசை வைக்கவும் விடவில்லை. அவளுடைய மாமி கேட்டுப் பார்த்தார், பங்குச் சுவாமியும் கேட்டுப் பார்த்தார்.

"உயிரோட இருக்கிற மனுசனுக்கு எதுக்குப் பூசை?" என்பாள்.

அந்த விளக்குக்கு நேர் கீழே தங்கையின் கணவர் போட்ட சிறகவரைப் பந்தல் இருந்தது. நான் சிலாபத்தில் உயிரியல் படிப்பிக்கிறவள். "மச்சாள் புத்தகத்தில கொடி வளக்கட்டும், நான் மண்ணில வளக்கிறன்" என்று என்னைச் சீண்டிக்கொண்டுதான் விதை ஊன்றினார். கொடி பந்தலை மூடிக் கூரையிலும் ஏறிவிட்டது. அயல் வீடுகளில் பூத்துக் காய்த்தபோதும் இதில் ஒரு மொட்டுக்கூட இல்லை.

"அதுவும் அவருக்காகத்தான் காத்துக்கொண்டு நிக்குது அக்கா. அவர் வந்தாத்தான் பூக்கும்," என்றாள் தங்கை.

பூக்காததற்குக் காரணம் எனக்குத் தெரியும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எனக்கோ ரீச்சர் வாய். சொல்லிவிட்டேன். சிறகவரை இருட்டை அளக்கும் கொடி. பகல் சுருங்கி இரவு நீண்டால், இலைக்குள் ஒளியை உணரும் நிறப்பொருள் அதை அறிந்துகொள்ளும். அப்போதுதான் அதுவரை அடங்கிக் கிடந்த, ஜீன் என்கிற பரம்பரையலகு ஒன்று வேலையைத் தொடங்கும். இலை விட்டது போதும், இனிப் பூ என்று இலையிலிருந்து தளிர் நுனிக்குச் செய்தி போகும். இரவெல்லாம் பல்ப் எரிந்தால் அந்தக் கொடிக்கு இரவே வருவதில்லை.

"அப்ப லைற்ற நூக்கச் சொல்லுறீங்களா?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லையடி."

"வேற என்னத்தச் சொன்னீங்க?"

கதவை அடித்துச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னோடு கதையில்லை.

அடுத்த முறை நான் போனபோது, பந்தலின் ஒரு பாதிக்கு மேல் படகு மூடும் கறுப்புப் படங்கு கிடந்தது. பொழுதுபடும்போது மூடுகிறாள், விடிந்ததும் எடுக்கிறாள் என்று மாமி சொன்னார். விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. இருட்டிலும் பூக்காது என்று எனக்குக் காட்டத்தான் இவ்வளவும் செய்தாள். பிள்ளைகளுக்கு ஒரு சொல்லும் பிழையாகச் சொல்லிவிடக் கூடாதென்று காலமெல்லாம் பாடுபட்டவள் நான். இந்த ஒரு விசயத்தில் மட்டும் நான் சொன்னது பிழையாகிப் போகட்டும் என்று அன்னம்மாளிடம் மன்றாடினேன்.

மார்கழியில் நத்தார் நெருங்கும்போது படங்கு மூடிய பாதி பூத்தது. வெளிர் நீலப் பூக்கள். விளக்கு விழுந்த பாதியில் வெறும் இலைதான்.

தங்கை பூவைத் தொடவில்லை.

"அவர் வராமலே பூத்திட்டுது, என்ன அக்கா?"

"ஓம்," என்றேன். பாவி, அந்தக் கொடி பூக்காமலே செத்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

"சுவாமியிட்டச் சொல்லிப் பூசைய வைப்பம்," என்றாள். "லைற்ற நீங்க நூருங்க. எனக்கு ஏலாது."

சுவிட்சில் விரலை வைத்தேன். எனக்கும் ஏலவில்லை. அவள் அருகே வந்து, என் விரலின்மேல் தன் விரலை வைத்து அழுத்தினாள்.