பதில் வராத தேதி

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று சிதம்பரத்தில் யாராவது கேட்டால், ‘ஏஜென்ட்டுக்கு எழுதிக் கொடுக்கிறேன்’ என்பேன். இன்ஷூரன்ஸா என்பார்கள். இல்லை, இது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஏஜென்ட். அதற்கு நம்மைப் போல் ஊர் நடப்பு தெரியாது. நாம் கொடுக்கும் டூல்களை வைத்துத்தான் வேலை செய்யும். ஒரு டூல் மெசேஜ் அனுப்பும், ஒன்று தேதியைப் பதியும், ஒன்று பதிந்ததை நீக்கும். எதை எப்போது தொடலாம், எப்போது தொடவே கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் நாலு வரி விளக்கம் எழுத வேண்டும். அதைப் படித்துவிட்டுத்தான் அது முடிவெடுக்கும். அந்த நாலு வரிதான் எனக்குச் சோறு போடுகிறது.

என் மனைவியின் அண்ணன் கடலூரில் கல்யாண மண்டபம் வைத்திருக்கிறார். திருவந்திபுரம் கோயிலில் தாலி கட்டிவிட்டுச் சாப்பாட்டுக்கு வருகிற கூட்டம்தான் அங்கே ஜாஸ்தி. போன் எடுத்து எடுத்துக் காது போச்சு என்று, யாரோ ஒரு சென்னை ஆளிடம் மச்சான் ஏஜென்ட் வாங்கிப் போட்டிருந்தார். ஏசி இல்லாத ஹாலை ஏசி ஹால் என்று அது சொல்கிறதாம். “வந்து என்னான்னு பாரு மாப்ளே” என்று கூப்பிட்டார். காலையில் பஸ் பிடித்துப் போனேன்.

உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறக்கும்போதே ஒரு பெண்ணும் அவளுடைய தாய்மாமாவும் வந்தார்கள். ஸ்ரீமுஷ்ணம் பக்கம். கல்யாணப் பெண் அவள்தான். மண்டபத்தைப் பதிந்தது அவளுடைய அப்பா. போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார்.

“காரியமெல்லாம் முடிஞ்சிதுங்க. அதான் சமையலுக்குப் பேசிட்டுப் போலாம்னு வந்தோம்” என்றார் மாமா.

மச்சான் உச்சுக் கொட்டிவிட்டு அந்தத் தேதியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். அதில் திட்டக்குடிக்காரர் ஒருவர் பெயர் இருந்தது.

தப்பான மாதத்தைத் திறந்துவிட்டேனோ என்று மறுபடி பார்த்தேன். அதே மாதம், அதே முகூர்த்தம். ஏஜென்ட் என்ன செய்தது என்று தேடிப் பார்த்தேன். ‘முன்பதிவை உறுதி செய்ய ஆம் என்று அனுப்பவும்’ என்று அப்பாவின் நம்பருக்கு அனுப்பியிருந்தது. அவர் இறந்த அதே வாரத்தில். பதில் இல்லை. மறுபடியும் அனுப்பியது. பதில் இல்லை. நீக்கிவிட்டு, அடுத்துக் கேட்டவருக்குக் கொடுத்துவிட்டது. அந்த டூலின் விளக்கத்தைப் படித்தேன். ‘பதில் வராத முன்பதிவுகளை நீக்கும்.’ அவ்வளவுதான். ஒரு வரி!

எழுதினவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் சென்னையில் நிம்மதியாக இருப்பான். என்னை உலுக்கியது வேறு. ஏஜென்ட் ஒரு தப்பும் செய்யவில்லை. படித்தபடி நடந்திருக்கிறது. எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில் காரியம் முடிகிறவரை கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டார்கள். மண்டபத்துக்காரரும் பதில் வரவில்லை என்றால் தேதி வேண்டாமாம் என்று நினைக்க மாட்டார், என்ன ஆச்சோ என்று ஆள் விட்டு விசாரிப்பார். பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த இதை அந்த டூலில் எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

“வருசம் திரும்பி தலதெவசம் வர்றதுக்குள்ள முடிச்சாகணுங்க. மாப்ள துபாய்ல இந்தத் தேதிக்குத்தான் லீவு சொல்லியிருக்காரு. இத வுட்டா என்னா பண்ணுவோம்?” என்றார் மாமா.

அந்தப் பெண் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “அப்பா போனு பீரோவுல கெடக்குதுண்ணா. சார்ஜ்கூட போடல” என்றாள்.

மச்சான் உடனே திட்டக்குடிக்குப் போன் போட்டார். எப்போதும் போல ஸ்பீக்கரில். “ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. ஒங்க தேதிய முன்னாடியே ஒருத்தரு புடிச்சிருந்தாரு. பொண்ணோட அப்பா. அவரு திடீர்னு தவறிட்டாரு, அதான் பதில் வரல. நீங்க கொஞ்சம் பெரிய மனசு பண்ணி…”

“எழவு வுழுந்த வூட்டுத் தேதியா?” என்று எதிர்ப்பக்கம் கத்தியது. “மொதல்லியே சொல்றதுக்கென்னா? வேணாம்பா. ராசியில்லாத பொண்ணு தேதி எங்களுக்கு எதுக்கு?” போன் வைக்கப்பட்டது.

மச்சான் போனை மேஜையில் வைத்துவிட்டு, “எப்படியோ தேதி கெடச்சிருச்சி” என்றார். மாமா கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கோ அந்தக் குரல் காதிலேயே நின்றது. எதையாவது செய்ய வேண்டும் போலிருந்தது. பழைய வரியை அழித்துவிட்டு எழுதினேன்: ‘இந்த டூலைத் தானாகப் பயன்படுத்தக் கூடாது. பதில் வராததை மறுப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முதலில் மண்டப உரிமையாளரிடம் சொல்லவும். அவர் அந்த வீட்டாரிடம் பேசி, சரி என்ற பிறகே நீக்கவும்.’

அந்தப் பெண் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

“இன்னொண்ணும் எழுதுங்கண்ணா” என்றாள். “எங்க வூட்டுல நடந்தத வெளியில சொல்றதுக்கு முன்னாடி எங்கள ஒரு வார்த்த கேக்கணும்னு.”

எழுதக் கை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்துச் சொல்லவில்லை. மச்சானைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

“மாப்ள வூடும் அதே திட்டக்குடிதாங்க” என்றாள்.