மாதம் இரண்டு நாள் எலும்பு வேகாத யாங்கோன் கடை

யாங்கோனுக்கு நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. தையல் மெஷின் பார்க்கப் போனேன். ஊருக்கு வெளியே லைங் தாயா என்ற தொழிற்பேட்டையில் ஒரு பனியன் கம்பெனி திருப்பூரிலிருந்து பழைய மெஷின்களை வாங்கியிருந்தது. ஓட மறுத்த பதினோரு மெஷின்களைச் சரி செய்ய 2009 நவம்பரில் என்னை அனுப்பினார்கள். பத்து நாள் வேலை. சென்னையிலிருந்து பாங்காக், அங்கே ஐந்து மணி நேரக் காத்திருப்பு, பிறகு யாங்கோன்.

கிளம்பும்போதே எல்லோரும் ஒரே பாட்டுத்தான்: "பத்து நாள்ல ஒரு அமாவாசை வருது. அங்க போய் விரதம் கிரதம்னு பார்க்காதீங்க, கிடைச்சதைச் சாப்பிடுங்க." மற்ற நாளில் கோழி, ஆடு எதையும் விடுகிற ஆள் இல்லை நான். அமாவாசை மட்டும் அப்பாவுக்கு. அதை ஏன் விட வேண்டும்? யாராவது விடச் சொன்னால் இன்னும் இறுக்கிப் பிடிக்கிற புத்தி எனக்கு.

காளி கோயில் பக்கம் அறை எடுத்தேன். காலைச் சாப்பாட்டோடு பதினைந்து டாலர். மின்சாரம் வரும், போகும். தெருவெல்லாம் நடைபாதையில் ஜெனரேட்டர் அலறும். லைங் தாயா அங்கிருந்து பதினாறு கிலோமீட்டர் இருக்கும். டாக்ஸிக்குப் பர்மாப் பணத்தில் நாலாயிரம் சாட், பஸ்ஸுக்கு இருநூறு. காலை நேரத்தில் எதில் போனாலும் ஒரு மணி நேரம் ஆகும்.

அமாவாசையன்று எனக்கு வேலை விடுமுறை. கோயில் வாசலில் பூ விற்கும் தமிழர் ஒருவரிடம் சைவச் சாப்பாட்டுக்கு விசாரித்தேன். "அமாவாசைக்குச் சைவம் போடுற வியட்நாம் கடை ஒண்ணு இருக்கு, ஆத்துப் பக்கம் போங்க" என்றார். இருபது நிமிட நடை. பகல் பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆறு மேசை. உள்ளே போனதுமே சேவைக்கு ஊற்றும் சாற்றில் கோழி எலும்பு வேகிற வாசம் மூக்கில் ஏறியது.

கல்லாவில் இருந்தவர் செல்வம், நாற்பது வயதிருக்கும், யாங்கோனிலேயே பிறந்த தமிழர். கப்பலில் வேலை பார்த்தபோது வியட்நாம் துறைமுகம் ஒன்றில் லான் என்பவரைப் பார்த்துக் கல்யாணம் செய்து கூட்டி வந்திருக்கிறார். ஊர் அந்தப் பெண்ணை மா லான் என்கிறது. பர்மாவில் பெண்கள் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு 'மா' போடுவார்கள். சமையல் முழுக்க அவர் கை. வீட்டில் பேச்சு பர்மியம்தான்.

"இன்னைக்கு அமாவாசை, சைவம் இருக்கும்னாங்களே?" என்றேன்.

செல்வம் சிரித்தார். "அண்ணே, அது நம்ம கணக்கு. அவ கணக்குல பிறை பிறக்கிற முதல் நாள், அப்புறம் பதினஞ்சாம் நாள். அது ரெண்டுதான் சைவம். சில மாசம் நம்ம அமாவாசையும் அதுவும் ஒண்ணா விழும். இந்த மாசம் அவளுக்கு நாளைக்கு."

"சரிங்க தம்பி, வெறும் சேவையில தண்ணி ஊத்தி, கீரை போட்டுக் கொடுங்க, போதும்."

அவர் உள்ளே போய்ச் சொல்ல, மா லான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். என்னைப் பார்த்துப் பர்மியத்தில் ஏதோ சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிட்டார்.

"முடியாதுங்கிறா. இன்னைக்கு எல்லாக் கரண்டியும் கோழியில கிடந்தது. சைவச் சட்டி வேற, அது நாளைக்குத்தான் இறங்கும். தெரியாம சாப்பிட்டுட்டுப் போனா அவரு நோன்பு கெட்டுடும்கிறா." சொல்லிவிட்டு, தனக்கென்று கொண்டுவந்த தயிர்ச்சோற்றைக் காட்டினார். "நானும் இன்னைக்கு அமாவாசைதான் அண்ணே. பாதி எடுத்துக்குங்க."

நான் எடுக்கவில்லை. ரோஷம். காசு கொடுத்துச் சாப்பிட வந்தவனைத் திருப்பி அனுப்புகிற கடையும் ஒரு கடையா என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டு வாழைப்பழத்தோடு அறைக்கு வந்து படுத்தேன். சாயங்காலம்தான் உறைத்தது. ஒரு வார்த்தை பொய் சொல்லியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருப்பேன். அந்தப் பெண் சொல்லவில்லை.

மறுநாள் வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு மறுபடியும் போனேன். கோழிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். அடுப்பில் வேறொரு அலுமினியச் சட்டி. மற்ற நாளெல்லாம் அது துணியில் கட்டி உத்தரத்தில் தொங்குமாம். முள்ளங்கி, கேரட், சோளக்கதிர், காய்ந்த காளான், நெருப்பில் சுட்ட இஞ்சி, பட்டை, அன்னாசிப்பூ எல்லாம் விடியற்காலையிலிருந்து கரி அடுப்பில் கொதித்திருக்கின்றன. வெங்காயம், பூண்டு கிடையாது. நம் வீட்டு விரதச் சமையல் மாதிரியேதான்.

ஒரு கிண்ணம் ஆயிரத்து இருநூறு சாட். தட்டையான அரிசிச் சேவை, நம் சந்தகையை நாடா மாதிரி இழுத்தது போல இருக்கும். மேலே டோஃபு என்கிற சோயாக்கட்டி. பக்கத்தில் ஒரு தட்டு நிறையப் புதினா, துளசி வகை ஒன்று, முளைப்பயறு, எலுமிச்சை. நான் எலுமிச்சையைப் பிழியப் போக, மா லான் தூரத்திலிருந்தே கையைக் காட்டித் தடுத்தார். முதலில் சாற்றைத் தனியே குடித்துப் பார்க்க வேண்டுமாம். குடித்தேன். நேற்றைய கோபம் அந்த ஒரு வாயிலேயே போய்விட்டது. இரண்டாவது கிண்ணமும் கேட்டேன்.

அது பாதியில் இருக்கும்போது ஒரு கார் வந்து நின்றது. செல்வத்தின் முகம் மாறியது. வந்தவர் கட்டடத்தின் சொந்தக்காரர், கூடவே மூன்று விருந்தாளிகள். அடுத்த வருஷத்துக்கு வாடகை ஒப்பந்தம் அன்றுதான் கையெழுத்தாக வேண்டும். காகிதம் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. இனி நடந்த பேச்சு முழுக்கப் பர்மியம். செல்வம் பிறகு சொன்னதை எழுதுகிறேன். முகங்கள் எனக்கு நேராகவே புரிந்தன.

கட்டடக்காரர் நான்கு கோழிக் கிண்ணம் சொன்னார். இன்று இல்லை என்றார் செல்வம். "என் கட்டடத்தில் எனக்குக் கோழி கிடையாதா? பக்கத்துச் சந்தையில் வாங்கிச் சமைக்கச் சொல்."

செல்வம் உள்ளே போனார். அடுப்படி எனக்கு நன்றாகத் தெரிந்தது. மனிதர் கெஞ்சினார். பத்து வருஷக் கடை, ஒரே ஒரு நாள், ஒரே ஒரு சட்டி. மா லான் சத்தம் போடவில்லை. கவிழ்ந்து கிடந்த கோழிச் சட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான்.

செல்வம் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு தானே நான்கு கிண்ணம் எடுத்து, சைவச் சாற்றை ஊற்றி, வெளியே கொண்டுவந்து வைத்தார். "ஊலே," என்றார். சித்தப்பா முறை மரியாதை அது. "இன்னைக்கு எங்க கடையில இதுதான். உங்களுக்கும் இதுதான்."

விருந்தாளிகளில் ஒருவர் மட்டும் கிண்ணத்தைக் காலி செய்தார். கட்டடக்காரர் தொடவே இல்லை. மாத முடிவுக்குள் கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டு, காகிதத்தோடு காரில் ஏறிவிட்டார்.

நான் எழுந்து செல்வத்திடம் போனேன். "ஒரு நாள் விட்டுக் கொடுத்திருக்கலாமே, கேளுங்க தம்பி" என்றேன். நான் போய் இதைச் சொன்னேனே, அதைத்தான் சொல்ல வேண்டும். கிளம்பும் முன் எனக்கு எல்லோரும் சொன்ன அதே புத்திமதி!

மா லான் பதில் சொன்னார். அதைச் செல்வம் தரையைப் பார்த்தபடி அப்படியே தமிழில் சொன்னார்: "புருஷனுக்காக மாட்டெலும்புச் சாறு வைக்கிறதையே விட்டேன். ஊருக்காகப் பர்மா லுங்கி கட்டினேன். வாடிக்கைக்காகக் காரம் கூட்டினேன். பேருக்கு முன்னாடி மா போட்டாங்க, சரின்னேன். எல்லாத்தையும் மாத்திக்கிட்டேன். இந்த ரெண்டு நாளை யாரும் தொடக் கூடாது."

2010 ஆகஸ்டில் மறுபடியும் மெஷின்கள் என்னைக் கூப்பிட்டன. செல்வம் மின்னஞ்சலில் புது முகவரி அனுப்பியிருந்தார்: அலோன், ஆற்றங்கரைக் கிடங்குகளுக்குப் பின்னால். காளி கோயிலிலிருந்து நாலு கிலோமீட்டருக்கு மேல், டாக்ஸி இரண்டாயிரம் சாட். டிரைவர் உடைந்த ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார்: "அலோன்ல சுற்றிப் பார்க்க என்ன இருக்கு? மூட்டைதான் இருக்கு." சாப்பிடப் போகிறேன் என்றதை அவர் நம்பவில்லை.

தகரக் கூரை, நான்கு பெஞ்சு. மழை ஒழுகும் இடத்தில் வாளி வைத்திருந்தார்கள். கிண்ணம் இப்போது எண்ணூறு சாட், சாப்பிடுகிறவர்கள் மூட்டை தூக்குபவர்கள். பழைய கடை அளவுக்கு வரும்படி இல்லை என்று செல்வம் ஒளிக்காமல் சொன்னார். அன்று முதல் பிறை நாள். துணியில் கட்டிய சைவச் சட்டி உத்தரத்திலிருந்து இறங்கி அடுப்பில் இருந்தது.

தோளில் சாக்குத்துணியோடு ஒரு ஆள் வந்து கோழி கேட்டார். செல்வம் வாயைத் திறக்கும் முன், பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இன்னொரு கூலியாள் தலையைத் தூக்காமலே அதட்டினார். என்ன சொன்னார் என்று செல்வத்திடம் கேட்டேன்.

"இன்னைக்கு எலும்பு வேகாது, உக்காருன்னாரு அண்ணே."

வந்தவர் உட்கார்ந்தார். மா லான் அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். டாலரைப் புதுத் தாளாக, மடிக்காமல் கொண்டு போங்கள். மடிப்பு விழுந்தால் வாங்க மாட்டார்கள். ஏடிஎம்மை நம்பாதீர்கள். நம் ஊர் செல்போன் அங்கே வேலை செய்யாது. அலோன் கடை காலை ஆறு மணிக்குத் திறக்கும், சட்டி காலியானால் மூடிவிடும், பெரும்பாலும் பன்னிரண்டுக்குள். சைவம் வேண்டுமென்றால் நம் காலண்டரை நம்பிப் போகாதீர்கள், முதல் நாளே விசாரியுங்கள். முக்கியமாக, சாற்றைக் குடித்துப் பார்க்காமல் எலுமிச்சை பிழியாதீர்கள்.

திருப்பூர் வந்த பிறகு நானும் ஒரு பழக்கம் பிடித்திருக்கிறேன். போன மாதம் இலையில் கறிக்குழம்பை ஊற்ற வந்த மனைவியைத் தடுத்தேன். "அமாவாசை நேத்தே முடிஞ்சதுங்களே?" என்றாள்.

"எங்கப்பாவுக்கு நேத்து முடிஞ்சது," என்றேன். "இன்னைக்கு அலோன்ல எலும்பு வேகாது."