பாதித் தாடி

இரண்டாயிரத்துப் பதினேழின் குளிர்காலத்தில், காற்றுப் படாமல் கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டு முடிதிருத்துபவர் அந்த ஆய்வறைக்குள் நுழைந்தபோது, டாக்டரம்மா தொடுவுணர்வைச் சோதிக்கும் பஞ்சுத்திரியால் தம் கன்னத்தையே வருடிக்கொண்டிருந்தார். பிறர் முகத்தில் படப்போவது எதுவாயினும் முதலில் தம் முகத்தில் பட்டாக வேண்டும் என்பது அவர் வழக்கம். மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு மேசையெங்கும் அதைத் தேடுவதும் அவர் வழக்கந்தான்.

பல் மருத்துவக் கல்லூரியின் அந்தத் தளத்தில் எதிரறையில் ஈறுநோயை ஆராய்கிறார்கள். பக்கத்து அறையில் வாய்ப்புற்றை. டாக்டரம்மா ஆராய்வது முகவலியை. "உங்க சரக்கை மைக்ராஸ்கோப்புக்கு அடியில வைக்க முடியாதே, மேடம்" என்று சக பேராசிரியர் சீண்டினால், "அதனாலதான் ஆளையே உக்கார வச்சுப் பாக்கறேன்" என்பார்.

அன்று உட்கார்ந்தவருக்கோ பொறுமை இல்லை. கீழ்த்தாடையில் மின்னல் வெட்டுவது போன்ற வலி. அதற்காக வேறோரிடத்தில் இரண்டு கடைவாய்ப்பற்களைப் பிடுங்கியாயிற்று. பற்கள் போயின, வலி போகவில்லை.

"அடுத்த பல்லையும் புடுங்கிடுங்க டாக்டரம்மா. புண்ணியமாப் போகும்."

"அவசரப்படாதீங்க அண்ணே. வலி வந்ததுலேருந்து எதையெல்லாம் செய்யறத விட்டீங்க?"

எங்கே வலிக்கிறது என்று கேட்காத மருத்துவரை அவர் அதுவரை கண்டதில்லை. கன்னத்திலிருந்து கையை எடுத்தார். வலப்பக்கம் வழவழப்பு, இடப்பக்கம் தாடி. பின்னால் நின்ற மாணவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். "உங்க மூஞ்சியையே பாதியில விட்டுட்டு எங்க மூஞ்சிக்கு வந்துட்டீங்களே" என்று கடையில் கேட்காத வாடிக்கையாளர் இல்லை. அவர் தொழிலுக்கு அதைவிட மானக்கேடு வேறு உண்டா?

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, தாடியின் ஓரத்தையே பார்த்தார். மோவாயின் நட்டநடுவில் அது நூல் பிடித்தாற்போல் நின்றிருந்தது. காதுக்குக் கீழே, தாடை வளையும் இடம் மட்டும் மழிக்கப்பட்டிருந்தது.

"இந்த மூலையை மட்டும் ஏன் மழிச்சீங்க?"

"அங்க கத்தி பட்டா ஒண்ணும் பண்ணாதும்மா. மத்த இடத்துல பட்டா மின்னல் வெட்டும்."

டாக்டரம்மா மாணவர்கள் பக்கம் திரும்பினார். "கீழ்த்தாடை நரம்பு போற வரைக்கும் தாடி. வேற நரம்பு ஆரம்பிக்கிற இடத்துல மழிச்சாச்சு. இவர் முகத்துல படமே வரைஞ்சு வச்சிருக்கார். எல்லாரும் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பாத்திருக்காங்க."

ஸ்கேனும் அதையே சொன்னது: பழுது பல்லில் இல்லை, நரம்பில். அடுத்த பல் தப்பியது. மாத்திரையின் அளவை டாக்டரம்மா சிறுகச் சிறுகக் கூட்டினார். தலை சுற்றுகிறது என்று முடிதிருத்துபவர் சலித்துக்கொண்டபோது, "கத்தி பிடிக்கிறவருக்குத் தலை சுத்தலாமா?" என்று உடனே குறைத்தார். வலி தணியத் தொடங்கியதுமே, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வருவோரிடமெல்லாம், "புடுங்கறதுக்கு முன்னாடி எங்க டாக்டரம்மாவைப் பாருங்க" என்று அவர் சொல்லலானார். அந்த 'எங்க' என்னும் சொல்லில் ஓர் அழுத்தம் இருக்கும்.

வெயில் காலம் பிறந்தபோது, இருபுறமும் மழித்த முகத்துடன் மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார்.

"காலையிலேருந்து கண்ணாடியை விட்டு நகரலைம்மா. புது மாப்பிள்ளைன்னு நெனப்பு" என்றார் மனைவி.

டாக்டரம்மா பஞ்சுத்திரியைத் தம் கன்னத்தில் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, அவர் மோவாயில் வருடினார். அவர் இமைக்கவுமில்லை. டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, தலைமேலிருந்த கண்ணாடியை மேசையில் நெடுநேரம் தேடினார்.

பிறகு கேட்டார்: "அண்ணே, பல் புடுங்கக் கத்துக்கப் புதுப் பிள்ளைங்க அடுத்த மாசம் வர்றாங்க. அவங்க கொறடைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி, அந்தப் பாதித் தாடியை இன்னொரு தடவை வளத்துக்கிட்டு வந்து நிப்பீங்களா?"