அண்ணி சேர்த்த இரண்டெழுத்து

பூட்டு என்பது வீட்டில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். சின்ன வயதில் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசியதில்லையாம். அந்தப் பூட்டுதான் பிற்பாடு ஊர் ஊராகப் போய், எதையும் பூட்டி வைக்காதீர்கள் என்று மேடையேறிப் பேசினாள். அதை நினைத்தால் அவளுடைய அண்ணிக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

நாத்தனாரும் அண்ணியும் என்றதும் குடுமிப்பிடிச் சண்டையை எதிர்பார்ப்பவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். பூட்டின் ஆபீஸில் ஒரு வாரம் மட்டும் போன் எடுத்துப் பேசுகிறேன் என்று வந்த அண்ணி, பதினாலு வருஷமாக அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நாற்காலியைத்தான் இரண்டு தடவை மாற்றினார்கள்.

பூட்டு முதலில் வேலை பார்த்த கம்பெனி, ஆஸ்பத்திரிகளின் ரத்த வங்கிக்கு மென்பொருள் செய்து கொடுத்தது. எந்த வகை ரத்தம் எத்தனை பை இருக்கிறது, எது எந்தத் தேதிக்கு மேல் உதவாது, எல்லாம் அதற்குள். திடீரென்று ஒரு நாள் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். அடுத்த மாதம் மென்பொருளும் நின்றுபோனது. உள்ளே திறந்து பார்த்துச் சரிசெய்ய ஆஸ்பத்திரிகளிடம் நிரலும் இல்லை, உரிமையும் இல்லை. ரத்த வங்கிக்காரர்கள் பை பையாக எடுத்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததைப் பூட்டு நேரில் போய்ப் பார்த்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் தானே ஒன்றை எழுத உட்கார்ந்தாள். எட்டு மாதம் ஆனது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்கும் கொடுக்கலாம். கூப்பிட்டால் அவள் வந்து நிறுவித் தருவாள், சொல்லிக்கொடுப்பாள், பழுது பார்ப்பாள். அந்த உழைப்புக்குத்தான் சந்தா. வீட்டின் முன்னறையே ஆபீஸ். ஒரு வருஷத்துக்குள் ஒரு ஆஸ்பத்திரியாவது கையெழுத்துப் போடாவிட்டால், பேசாமல் எங்காவது வேலைக்குப் போய்விடுவதாக அண்ணனிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

வினை பெயர்ப்பலகையில் வந்தது. ‘கட்டற்ற மென்பொருள்’ என்று பூட்டு எழுதிக் கொடுத்திருந்தாள். யாரையும் கட்டிப்போடாதது என்று அர்த்தம். பலகைக்காரர் அக்கறையான மனிதர். சந்தேகம் கேட்டுப் போன் செய்தார். பூட்டு வெளியே போயிருந்ததால் அண்ணி எடுத்தாள்.

“நடுவுல ரெண்டெழுத்து விட்டுப்போச்சு போலிருக்கே. கட்டணமற்றன்னுதானே வரணும்?”

அண்ணிக்கும் அது சரியென்றே பட்டது. அவசரத்தில் எழுதியிருப்பாள், பாவம்.

“ஆமாங்க, சேத்துப் போட்டுடுங்க” என்று சொல்லிவிட்டு, அதை மறந்தும் போனாள்.

பலகை மாட்டிய அன்றைக்கே ஒரு தையல்காரர் ஓடாத பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பக்கத்துத் தெருவிலிருந்து மூன்று பேர் விண்ணப்பம் அடித்துத் தரச் சொன்னார்கள். காசில்லாமல் செய்கிறார்கள் என்ற பேச்சு அதற்குள் தெரு முழுக்கப் பரவியிருந்தது. பூட்டு வந்தாள், பலகையைப் பார்த்தாள், ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். ‘ண’வையும் ‘ம’வையும் சுரண்டி எடுத்ததில் பல் விழுந்த வாய் மாதிரி நடுவில் ஒரு இடைவெளி. பலகைக்காரர் தன் இஷ்டத்துக்குச் சேர்த்துவிட்டார் போல, நாளைக்குப் போய்க் கேட்கிறேன் என்றாள். அண்ணி ஸ்டூலைப் பிடித்தபடி நின்றாள். அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம். வாய் வரவில்லை.

அதைவிடப் பெரிய இடி மறுநாள் போனில் விழுந்தது. ஒப்பந்தம் அநேகமாக முடிந்துவிட்டது என்று நம்பியிருந்த ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரி பேசினார். அந்தத் தெரு வழியாகப் போனாராம். கட்டணம் இல்லை என்று ஊருக்கெல்லாம் பலகை மாட்டிவிட்டு எங்களிடம் மட்டும் சந்தா கேட்பது என்ன நியாயம் என்றார். அண்ணனிடம் சொன்ன கெடுவில் பாக்கி இருந்தது இரண்டே வாரம். அந்த இரண்டெழுத்தில் எட்டு மாத உழைப்பும் போய்விடுமோ என்று அண்ணி பயந்தாள். அவரை நேரில் பார்க்கப் பூட்டு புறப்பட்டதும், நானும் வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அதிகாரியின் அறையில் பூட்டு திறந்தது. திறந்து என்ன, உரிமம், நெறிமுறை என்று நீட்டி முழக்கினாள். அவர் கண் கடிகாரத்துக்குப் போனது. அண்ணியால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

“ஐயா, ஒரு டாக்டர் ஒரே ஒரு மருந்துக் கடைக்காரருக்கு மட்டும் புரியற மாதிரி சீட்டு எழுதினா, அந்தக் கடைய மூடின அன்னிக்கு நோயாளி எங்க போவாரு? இவ எல்லாக் கடையிலயும் படிக்கிற மாதிரி எழுதித் தரா. சீட்டு உங்களோடது, யார்கிட்ட வேணா காட்டுங்க. வந்து பாக்கறதுக்குத்தான் சந்தா.”

அவருடைய ரத்த வங்கி இன்னும் நோட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒப்பந்தத்தை இழுத்து வைத்துக் கையெழுத்துப் போட்டார்.  திரும்பும்போது பஸ்ஸில் பூட்டு ஜன்னலோர இடத்தை அண்ணிக்கு விட்டுக்கொடுத்தாள்.

ஒரு ஆஸ்பத்திரி நாற்பதானது. பூட்டு போகிற மேடையிலெல்லாம் மருந்துச் சீட்டுக் கதையைச் சொன்னாள். ஒரு பெரிய கம்பெனி போன் செய்து, மொத்தமாக விலைக்குக் கொடுங்கள், பூட்டு போட்டு விற்கிறோம் என்றது. எங்களிடம் ஏற்கனவே ஒரு பூட்டு இருக்கிறது, அதைச் சமாளிக்கவே முடியவில்லை என்று அண்ணி போனிலேயே சொல்லி வைத்துவிட்டாள். பழைய பலகையை மட்டும் மாற்றவே இல்லை. வருகிறவர்கள் அந்த இடைவெளி என்ன என்று கேட்பார்கள். பூட்டு உற்சாகமாக ஆரம்பிப்பாள். அந்த நேரம் பார்த்து அண்ணி தண்ணீர் தாகம் என்று உள்ளே போய்விடுவாள். பதினாலு வருஷமும் இதே கதை.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதை மாற்றினாலும் அவர் பெயரையும் செய்ததையும் ஒரு கோப்பில் எழுதுவார்கள். மென்பொருள் போகிற இடமெல்லாம் அந்தக் கோப்பும் கூடப் போகும். எனக்கென்ன அதில் வேலை என்று அண்ணி ஒரு நாளும் அதைத் திறந்ததில்லை.

போன மாதம் தூரத்து ஊர் ரத்த வங்கியிலிருந்து ஒரு டெக்னீஷியன் பெண் ஆபீஸைப் பார்க்க வந்தாள். லேபிளில் தேதி தப்பாக அச்சாவதைத் தானே கண்டுபிடித்துத் திருத்தியவள். கோப்பில் தன் பெயரைத் திறந்து பெருமையாகக் காட்டினாள். அப்படியே மேலே தள்ளி முதல் பக்கத்துக்குப் போனாள்.

“இந்த அண்ணி யாருங்க? எங்க ஆஸ்பத்திரியில எல்லாரும் கேக்கறாங்க.”

அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். முதல் வருஷத்துத் தேதி, அந்தப் பஸ் பயணத்துக்கு மறுநாள். ‘அண்ணி: பலகையில் இரண்டெழுத்து சேர்த்தார். பலகைக்காரர் சொன்னார். ஆஸ்பத்திரியில் அதைச் சரிசெய்தார்.’

பூட்டு வரும்வரை அண்ணி அந்தப் பக்கத்தை மூடவில்லை. நாற்பது ஆஸ்பத்திரிக்கும் தெரிந்திருக்கிறது. அவமானமாகவும் இருந்தது, பொங்கிக்கொண்டும் வந்தது. கடைசியில் கோபத்தைத்தான் காட்டினாள்.

“இத்தன வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே நீ.”

பூட்டு பையைக் கீழே வைத்தாள்.

“திறந்துதானே அண்ணி வெச்சிருந்தேன்.”